வீட்டுப் பத்திரத்தை வைக்கும் முன்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தங்கச்சிக்கு அமெரிக்காவில் எம்.எஸ். உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்று அப்பா சொன்னார். பெண் படிப்புக்காக வீட்டையே வைக்கத் துணிந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இதே யோசனையில் இருக்கிற வேறு அப்பாக்களுக்கும் ஆகட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கன்சல்டன்சிக்காரர் “ஸ்காலர்ஷிப்போடு சீட்” என்றாராமே. தங்கச்சி அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பினாள். கட்டணத்தில் கொஞ்சம் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீதிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் உங்கள் தலையில்தான்.

அறிவியல் பாடங்களில் அங்கே பணம் இருக்கும் இடம் வேறு. எம்.எஸ். படிப்பவர்கள் பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கிறார்கள். பிஎச்.டி.க்குச் சேருகிறவர்களுக்கோ பொதுவாகக் கட்டணமும் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். “சும்மா எவன் கொடுப்பான்?” என்று கேட்பீர்கள். சும்மா இல்லை சித்தப்பா. இளங்கலைப் பிள்ளைகளுக்கு லேப் வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், அப்புறம் பேராசிரியர் வாங்கி வைத்திருக்கும் ஆராய்ச்சி நிதியில் அவருடைய லேபில் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கான கூலி அது. தங்கச்சி இங்கேயே எம்.எஸ்சி. முடித்தவள். திரும்பவும் ஒரு முதுகலைக்குக் கடன் வாங்காமல் நேராகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் டிசம்பரை ஒட்டிக் கடைசித் தேதி வரும். பணத்தோடு இடம் கொடுத்தால், முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. யாரும் நம்மை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. 2025இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கைவைத்தபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. அதனால் அந்த ஒரு நாட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டுஸ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கிற முதுகலைப் படிப்பு. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும். போட்டி கடுமைதான். ஆனால் விண்ணப்பிக்கப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டாரிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஜெர்மனி விசாவுக்கு ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும், அதுவே பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். இருந்தாலும் அமெரிக்க எம்.எஸ். செலவு அளவுக்குப் போகாது.

நம் ஊரை விட்டுவிட்டேனே! அறிவியல் பாடங்களுக்கு மத்திய அரசு நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிவிட்டால், பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நல்ல லேபில் சேர்ந்தால், என்னைக் கேட்டால், பெயர் தெரியாத அமெரிக்கக் கல்லூரி எம்.எஸ்ஸை விட அது மேல். சித்தி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

இணையத்தில் கிடைக்கும் ஸ்காலர்ஷிப் பட்டியல்களைத் தங்கச்சி கவனமாகப் பார்க்கட்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப். தரும் ஃபெலோஷிப் பல பட்டியல்களில் இருக்கும், ஆனால் அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்க உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும்தான். ஜே.என். டாடா அறக்கட்டளை 1892இலிருந்து கொடுத்து வருகிறது, நல்ல இடம்தான். ஆனால் அது தருவது திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

அவளோடு படித்த பட்டியல் சாதித் தோழி ஒருத்தி உண்டல்லவா? அவளிடம் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்திலிருந்து விமானச் சீட்டு வரை அரசே பார்த்துக்கொள்ளும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. அட்மிஷனை ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று தங்கச்சி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடட்டும். பல இடங்களில் சம்மதிப்பார்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். விண்ணப்பக் கட்டுரைகளை எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்