பழுதுபார்க்கும் உரிமையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

விவசாயி புதுமைக்கு முகம் சுளிப்பவர் என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கியது; எல்லோருக்கும் இடம் துல்லியமாகத் தெரியத் தொடங்கியது. இன்று செயற்கைக்கோள் வழிகாட்ட, டிராக்டர்கள் நூல் பிடித்தாற்போல் உழுகின்றன. மண்ணின் ஈரத்தைக் கருவியில் பார்த்துச் சொட்டுநீரைத் திறப்பவரும், விலையைக் கைப்பேசியில் விசாரித்த பிறகே மூட்டையை வண்டியில் ஏற்றுபவரும் விவசாயிகள்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அறுவடை இயந்திரம் பாதி வயலில் நின்றுவிட்டால், முன்பெல்லாம் ஸ்பேனரோடு விவசாயியே அடியில் புகுந்துவிடுவார். இப்போது திரையில் ஒரு பிழை எண் மின்னுகிறது. அதைச் சரிசெய்யும் மென்பொருளோ தயாரிப்பாளர் கையில். ஆள் வரும்வரை முற்றிய கதிர் பொறுக்குமா, மழைதான் பொறுக்குமா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே இயற்றியது. இயந்திரங்களுக்கு மானியம் அறிவிக்கும் அரசுகள், பழுது கண்டறியும் மென்பொருளையும் கையேட்டையும் வாங்குபவருக்கே தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாமே.

– ஒரு வாசகர்