பொம்மை அஞ்சல்தலைகளில் இடம்பெறாத பொம்மைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்காலப் பொம்மைகளைச் சித்திரிக்கும் அஞ்சல்தலைகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆயினும், இத்தலைகளைக் கவலையறியாத குழந்தைப் பருவத்தின் இனிய நினைவாக மட்டும் அவர் காண்பதை என்னால் ஏற்க இயலவில்லை. யாருடைய பொம்மை அஞ்சல்தலையில் அச்சாகிறது, யாருடைய பொம்மை விடுபட்டுப் போகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் இத்தலைகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

கட்டுரையில் முதலிடம் பெற்ற அமெரிக்க வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். 1970 நவம்பரில் கிறிஸ்துமஸுக்காக ஆறு சென்ட் மதிப்பில் வந்த அந்த நான்கு தலைகளில் ரயில் எஞ்சின், சக்கரங்கள் பூட்டிய குதிரை, மூன்று சக்கர வண்டி, பொம்மையை வைத்துத் தள்ளும் வண்டி ஆகியவை இருந்தன. நான்கும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டவை. ஆகவே, பிரிக்காத நான்கின் தொகுதியாகவே பலரும் சேகரிக்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் குவியும் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் வேலையைக் குறைப்பதற்காக, இதே தலைகளின் மீது முத்திரைக்குப் பதிலாக இரண்டு அலை வடிவக் கறுப்புக் கோடுகளை முன்னதாகவே அச்சிட்டு, 68 நகரங்களுக்குச் சோதனை முயற்சியாக அனுப்பினார்கள் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவில்லை. தொகுப்பில் கோடு போட்ட தலையைக் கண்டு, யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடும் புதிய சேகரிப்பாளர்களுக்கு இந்தத் தகவல் பயன்படும்.

அந்த எஞ்சின் தகரத்தாலும் வார்ப்பிரும்பாலும் ஆனது என்று அஞ்சல்தலை அட்டவணைகள் கூறுகின்றன. தலையிலோ பண்டிகையின் பெயர், நாட்டின் பெயர், விலை ஆகியவற்றுக்கு மேல் பொம்மையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இது சிறிய குறையன்று. ஏனெனில், பழைய பொம்மையின் வரலாறு முழுவதும் அது எதனால், எவ்வாறு செய்யப்பட்டது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. வார்ப்பிரும்புப் பொம்மையை மணல் அச்சில் இரண்டு பாதிகளாக வார்த்துப் பிறகு ஆணி அறைந்து இணைப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நடுவே பொருத்துக் கோடு தெரியும். தகரப் பொம்மையின் கதை வேறு. தொடக்கத்தில் தகடுகளைப் பற்றவைத்துக் கையால் வண்ணம் தீட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தட்டையான தகட்டின் மீதே வண்ணங்களை அச்சிட்டு, பின்னர் வெட்டி வளைத்து, ஓரத்திலுள்ள சிறு நாக்குகளைத் துளைகளில் செருகி மடிக்கும் முறை பரவியது. சாளரமும் ஓட்டுநரின் முகமும் தகட்டோடு தகடாக அச்சாகிவிட்டதால் பொம்மையின் விலை குறைந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வண்டி எட்டியது. அஞ்சல்தலையின் ஓரத்தில் பொருளையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் இரண்டு சொற்களில் அச்சிட்டால், பார்ப்பவர் இவ்வளவையும் தேடிச் செல்ல வழி பிறக்கும்.

2002-இல் அமெரிக்கா மீண்டும் 37 சென்ட் மதிப்பில் நான்கு பொம்மை அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அஞ்சல் வண்டி, ரயில் எஞ்சின், வாடகைக் கார், தீயணைப்பு வண்டி ஆகியவை அவற்றில் இருந்தன. இரு வெளியீடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: எட்டுப் பொம்மைகளில் சக்கரம் இல்லாதது ஒன்றுகூட இல்லை. சக்கரப் பொம்மை கண்ணைக் கவரும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், உலோகப் பொம்மைகள் உறுதியானவை, தொடக்கத்தில் விலை உயர்ந்தவை, ஆதலால் அலமாரியில் பாதுகாக்கப்பட்டு அருங்காட்சியகங்களை வந்தடைந்தவை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. துணியில் கட்டிய பொம்மை, களிமண்ணில் பிசைந்த விலங்கு, மூத்த பிள்ளை செதுக்கித் தந்த மரக்கட்டை ஆகியவை விளையாடியே தீர்ந்துபோனவை. குழந்தையால் மிகவும் நேசிக்கப்பட்ட பொம்மைதான் முதலில் அழிந்துபோகிறது. எஞ்சியிருப்பதை மட்டும் பார்த்து அந்தக் காலத்துக் குழந்தைப் பருவத்தை அளந்தால், செல்வர் வீட்டுக் குழந்தைப் பருவத்தையே எல்லோருடையதாகவும் எண்ணிவிடுவோம்.

அதனால்தான் 1979-இல் கனடா வெளியிட்ட மூன்று கிறிஸ்துமஸ் தலைகளை நான் உயர்வாக மதிக்கிறேன். மர ரயிலும் இழுத்துச் செல்லும் குதிரையும் இருந்த அந்த வரிசையில், மூன்றாவதாகக் கம்பளி நூலில் பின்னிய ஒரு பொம்மைக்கு இடம் கிடைத்தது. தொழிற்சாலையும் வணிகக் குறியும் இல்லாமல், நூலும் ஊசியும் பொறுமையும் இருந்தால் எந்த வீட்டிலும் உருவாகக்கூடிய ஒன்று அது. கட்டுரையில் அந்தத் தலைக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

விடுபட்டுப் போனவர்களில் பொம்மையைச் செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் சோனபெர்க் வட்டாரத்திலிருந்து உலகெங்கும் சென்ற பொம்மைகளில் பெரும்பகுதி குடிசைத் தொழிலாக உருவானவை. பெற்றோருடன் பிள்ளைகளும் நீண்ட நேரம் உழைத்தார்கள். ஒரு குழந்தையின் பண்டிகைப் பரிசு இன்னொரு குழந்தையின் இரவு வேலையாக இருந்தது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று அழைப்பது நேர்மையாகாது.

இத்தலைகளால் குழந்தைகளுக்கு நேரடியாக நன்மை விளைந்ததும் உண்டு. சுவிட்சர்லாந்தில் குழந்தைகள், இளையோர் நலனுக்காகக் கூடுதல் கட்டணத்துடன் விற்கப்படும் புரோ யுவெந்தூதே வரிசையில் 1983-இல் பழைய பொம்மைகள் இடம்பெற்றன. மேற்கு ஜெர்மனியும் 1971-இல் மரப் பொம்மைகளைச் சமூக நல நிதிக்கான தலைகளில் அச்சிட்டது. கிழக்கு ஜெர்மனி 1980 முதல் 1982 வரை ஆண்டுதோறும் வரலாற்றுப் பொம்மைகளுக்கென்றே தலைகளை வெளியிட்டது. அரசியலில் எதிரெதிராக நின்ற இரு நாடுகளும் பொம்மையில் ஒன்றுபட்டன என்பது கட்டுரைக்கு நல்ல செய்தியாக அமைந்திருக்கும்.

ஐரோப்பிய அஞ்சல் நிர்வாகங்களின் கூட்டு வெளியீடான யூரோப்பா தலைகளுக்கு 2015-இல் பழைய பொம்மைகளே கருப்பொருளாக இருந்தன. ஒரே தலைப்பில் இத்தனை நாடுகளின் தேர்வையும் ஒப்பிடக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. எந்த நாடு ஆலைப் பொம்மையைத் தேர்ந்தது, எது கையால் செய்த பொம்மையைத் தேர்ந்தது என்று பகுத்துக் காட்டும் ஒரு தொடர் கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். அதில் தலைகளின் படங்களைப் போதிய அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொன்றின் கீழும் பொம்மை செய்யப்பட்ட பொருள், காலம், செய்முறை ஆகியவற்றைக் குறிப்பிட்டால், சேகரிப்பாளர் அல்லாதவர்களும் விரும்பிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்