கடற்கரை நிர்வாகிகளுக்கு: செப்டம்பரிலும் உயிர்காப்பாளர்கள் வேண்டும்

அமெரிக்கக் கிழக்குக் கரையின் நகராட்சிக் கடற்கரை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். லேபர் டே என்னும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் உயிர்காப்பாளர் மேடைகளைக் காலி செய்துவிடும் வழக்கத்தைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். சென்ற செப்டம்பரில் என் கண்ணெதிரே நடந்ததற்குப் பிறகு, இன்னொரு தனிக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மனம் ஒப்பவில்லை.

அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, காற்று அசையவில்லை. சூறாவளி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கரையைத் தொடும் எண்ணமே இல்லாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அத்தகைய சூறாவளி எழுப்பும், அலைக்கு அலை 15 விநாடி இடைவெளியுள்ள அலைத்திரள் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அந்தத் தொலைவை ஏறத்தாழ ஒரே நாளில் கடந்துவிடும். பலகையில் அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் செய்யும் நாங்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இப்படிப்பட்ட அலைகளுக்குத்தான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இவை கூட்டமாக வந்து அடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்வில் கடலைப் பார்ப்பவருக்கு அது குளம்போலத் தெரியும்.

அப்படித் தெரிந்துதான் ஓர் இளைஞர் இடுப்பளவு நீரில் இறங்கினார். அடுத்த கூட்டம் வந்தது. மூன்றாவது அலைக்குப் பின் அவர் தலை தெரியவில்லை; கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. நான் துடுப்பிட்டுச் சென்று பலகையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பலகையைப் பிடிக்கவில்லை, என் கழுத்தைப் பிடித்தார். இரண்டு அலைகள் எங்கள் தலைமீது உடைந்தன. கரை சேர்ந்ததும் மணலும் உப்புநீருமாக வாந்தி எடுத்தார். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று யாரோ கத்தினார்கள். உயிர்காப்பாளர் நாற்காலி மணல்மேட்டின் பின்னால் கவிழ்த்துப் போடப்பட்டு, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

நான் பயிற்சி பெற்ற மீட்பாளன் அல்லன். அன்று நான் அங்கே இருந்தது தற்செயல். ஒரு நகராட்சியின் பாதுகாப்பு ஏற்பாடு தற்செயலை நம்பி இருக்கலாகாது.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. லேபர் டே செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை. ஆக, ஆபத்து உச்சத்தை நெருங்கும் வாரத்தில்தான் நீங்கள் மேடையை விட்டு இறங்குகிறீர்கள். சூறாவளி தொலைவில் கடந்தாலும் உயிரைப் பறிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2009 ஆகஸ்டில் பில் சூறாவளி தள்ளிச் சென்றபோது, மெயின் மாநிலத்தின் அக்கேடியா தேசியப் பூங்காவில் பாறைமேல் நின்று பார்த்தவர்களை அலை வாரிச் சென்றது. ஒரு சிறுமி இறந்தாள். 2025 ஆகஸ்டில் எரின் சூறாவளி கரையேறாமல் கடந்தபோது, நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் பல கடற்கரைகளில் நீந்தத் தடை விதிக்கப்பட்டது. லேபர் டேக்கு முன், கோடைப் பருவத்துக்குள் வந்த அலை என்பதால், தடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அதே அலை மூன்று வாரம் கழித்து வந்தால் யார் தடுப்பது?

உயிர்காப்பாளர்களில் பலர் மாணவர்கள், கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்ற உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் கோடையில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் நகரங்களும், செப்டம்பரில் விடுதிகளை நிரப்ப விளம்பரம் செய்யும் நகரங்களும், அந்த வருவாயில் ஒரு பங்கையாவது நீரில் இறங்குபவரின் உயிருக்கு ஒதுக்க மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை ஒன்றை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் எத்தனை துறைகளில்தான் பரவியிருக்கிறது! பலகை நீந்தி வராது.

சூறாவளிப் பருவம் முழுவதற்கும் முழு அணியை நான் கேட்கவில்லை. அக்டோபர் 31 வரை, இழுவை நீரோட்ட அபாயம் அதிகம் என்று தேசிய வானிலைச் சேவை அறிவிக்கும் நாட்களிலாவது, மேடைக்கு இருவரை மீட்பு மிதவையுடன் நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் முடிவாகும் முன் இதை எடுத்துப் பேசுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்காலியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
அந்த அலைகளில் சறுக்கும் ஒருவன்