மரக்கிளையில் தொங்கிய இருட்டறை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். பறவை ஆராய்ச்சி முகாமிலிருந்து நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மனசிலேயே ஓடுகிறது. "பறவையைப் பிடிச்சு அளக்கிறவங்கதான்ப்பா இங்க முக்கியம், நான் சும்மா போட்டோ எடுக்க வந்தவ" என்றாயே, அது. அந்தச் 'சும்மா'தான் எனக்குப் பிடிக்கவில்லை.

யெவெட் போரப் ஆண்ட்ரூஸ் என்று ஒரு அம்மா. 1916இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், விலங்குகளைச் சேகரிக்கச் சீனாவுக்கு ஒரு குழு அனுப்பியது. தலைவர் அவருடைய கணவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். யெவெட் துணைக்குப் போனவர் இல்லை. குழுவின் புகைப்படக்காரரே அவர்தான். கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றி யுன்னான் மலைகளில் மாதக்கணக்கில் சுற்றினார்கள்.

நெகடிவை ஊருக்குக் கொண்டுபோய்க் கழுவலாம் என்று அவர்கள் விடவில்லை. ரப்பரில் ஒரு இருட்டறை செய்து எடுத்துப் போனார்கள். ஏழடி உயரம், ஒரு ஆள் நிற்கிற அகலம். மரக்கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் தயார். படித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. நம் போட்டோ கடை இருட்டறையில் மின்விசிறி இருந்தும் சித்திரை மாதத்தில் என் வியர்வை, படம் கழுவுகிற டெவலப்பர் மருந்துத் தட்டில் சொட்டும். இது ரப்பர்!

ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. எடுத்த படத்தைக் கழுவாமல் ஈரக்காற்றில் வைத்திருந்தால் பிம்பம் மங்கும். அங்கேயே கழுவினால், கெட்டுப்போன படத்தைத் திரும்ப எடுக்கவாவது வழி உண்டு. எனக்கு அந்த வழி கிடைக்கவில்லை. நீ பிறப்பதற்கு முன், ஒரு மே மாதம், தொட்டித் தண்ணீர் சுட்டதைக் கவனிக்காமல் ஒரு கல்யாண ஃபிலிமைக் கழுவினேன். மேல்பூச்சு பாலாடை மாதிரி உரிந்து வந்தது. பெண் வீட்டார் திட்டவில்லை, அழுதார்கள். திட்டியிருக்கலாம்.

அந்தக் குழு 2,100 பாலூட்டிகளும் 800 பறவைகளும் கொண்டுவந்தது. கூடவே 500 நெகடிவ், 150 பேஜெட் தகடு (அந்தக் காலத்து வண்ணப்படக் கண்ணாடித் தகடு), 10,000 அடி சினிமா ஃபிலிம். பாடம் செய்த தோலில் அந்த மலையும் தெரியாது, சந்தையும் தெரியாது, ஒரு பெண் தலைக்கு என்ன கட்டியிருந்தாள் என்பதும் தெரியாது. அதெல்லாம் யெவெட்டின் படங்களில்தான். 1918இல் வந்த அவர்கள் பயணநூலில் கணவர் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.

அதில் ஹோடென்ஃபா என்ற, அந்த மலைப்பக்கத்து மோசோ இனத்து வேட்டைக்காரர் மலையாடு ஒன்றைச் சுமந்து வருகிற படம் உண்டு. அடியில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ பழைய படங்களில் 'உள்ளூர்க்காரர்' என்பதோடு முடித்துவிடுவார்கள். உங்களுக்கு வலை கட்டுகிற அண்ணனையும் சமைக்கிற அக்காவையும் நீ எடுத்து அனுப்பினாயே, அவர்கள் பெயர் என்ன? கேட்டு, அன்றன்றைக்கு ராத்திரியே படத்தோடு எழுதி வை. மறுநாளைக்கு என்றால் மறந்துவிடும், உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியாதா?

அப்புறம், அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். கேமரா பைக்காக ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலமும் அதே டப்பாவில் வைத்திருக்கிறேன். யாராவது உப்பு என்று பிரித்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்.

அன்புடன்
அப்பா