பதின்மூன்று நிமிடம்

மியூனிக்,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதத்தைப் பேரன் போட்டோ பிடித்து அனுப்பியது வந்து சேர்ந்தது. இன்னும் அதே கரும்பலகைக் கையெழுத்து, பெரிதாக்காமலேயே படித்துவிட்டேன். கண் ஆபரேஷனைத் தைக்குத் தள்ளியிருக்கிறாயாமே, அது வேண்டாம். எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சுவரில் அத்தனை அழுக்கு இருப்பதே தெரிந்தது.

இங்கே எல்லோரும் நலம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரிக்குத்தான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு முட்டி. வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்கிற பேட்டர்ன் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் மண்டி போட்டு வேலை பார்த்ததற்கு இப்போது வட்டி கட்டுகிறேன். முட்டியைப் பற்றி அப்புறம் வருகிறேன், காரணம் இருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஹிட்லரைத் தீர்த்துக்கட்ட எத்தனையோ பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் கைகூடவில்லை, பாவிக்கு ஆயுசு கெட்டி." முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய வாத்தியார் எழுதுகிற வரியா இது? அவனும் அதையேதானே சொல்லிக்கொண்டான்! 1944 ஜூலை 20 அன்று குண்டுக்குத் தப்பியவன், நள்ளிரவு தாண்டி ரேடியோவில் பேசியபோது, தன் வேலையைத் தொடரச் சொல்லி விதி காட்டிய அடையாளம் இது என்றான். நீ சொல்லும் ஆயுசும் அவன் சொன்ன விதியும் ஒரே கடைச் சரக்கு.

அந்தக் குண்டை வைத்த கர்னல் ஸ்டாஃபன்பர்க் கதை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கண் போய், வலது கை போய், இடது கையில் மூன்று விரல் மட்டும் மிச்சம். அந்த மூன்று விரலால் குண்டை முடுக்க, அதற்கென்றே வளைத்த இடுக்கி. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை முடுக்கத்தான் நேரம் கிடைத்தது. எனக்கு அதில் சுவாரசியமான ஆள் வேறொருவர், ஹைன்ஸ் பிராண்ட் என்ற அதிகாரி. ஹிட்லர் ஆலோசனை நடத்திய மேஜைக்கடியில் குண்டோடு இருந்த கைப்பெட்டி காலில் தட்டுகிறதே என்று, மேஜையைத் தாங்கிய கனத்த ஓக் பலகைக்கு அந்தப்பக்கமாக அதை நகர்த்தி வைத்தவர் அவர்தான் என்பார்கள். பலகை ஹிட்லரைக் காத்தது. பிராண்ட் காயத்தில் செத்துப்போனார்.

இதே பிராண்டை 1943 மார்ச் 13-இலும் பார்க்கலாம். ஸ்மொலென்ஸ்க் பக்கம் போர்முனைக்கு வந்துவிட்டு ஹிட்லர் விமானம் ஏறப் போகிறான். டிரெஸ்கோவ் என்ற அதிகாரி ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "பந்தயத்தில் தோற்றேன், இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் க்வான்த்ரோ மது இரண்டு புட்டி. உள்ளே பிரிட்டிஷ் வெடிமருந்து, அரை மணி நேரத்தில் அமிலம் கம்பியை அரித்து வெடிக்க வைக்கும் முடுக்கி. அதை வாங்கிக்கொண்டு ஹிட்லரோடு விமானம் ஏறியவர் பிராண்ட். விமானம் பத்திரமாக இறங்கியது. சாமான் அறைக் குளிரில் முடுக்கி வேலை செய்யாமல் போயிருக்க வேண்டும். மறுநாள் ஷ்லாபிரென்டார்ஃப் என்ற இன்னொரு அதிகாரி நிஜ மதுப் புட்டிகளோடு பறந்து போய், பொட்டலத்தை மாற்றி வாங்கி, பெர்லின் போகும் ரயிலில் பெட்டியைத் தாழிட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தார். அந்தப் பிரிக்கும் வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

எட்டே நாளில் அடுத்தது. பெர்லின் ஆயுதக் காட்சிசாலையில், கைப்பற்றிய ரஷ்யத் தளவாடங்களைக் காட்ட கெர்ஸ்டார்ஃப் என்பவர் நிற்கிறார், சட்டைப்பையில் பத்து நிமிட முடுக்கியோடு. தானும் சேர்ந்து போவது என்ற முடிவோடு. ஹிட்லரோ இரண்டு நிமிடத்தில் விறுவிறுவென்று நடந்து வெளியே போய்விட்டான். கெர்ஸ்டார்ஃப் கழிவறைக்கு ஓடி முடுக்கியைப் பிடுங்கி எறிந்தார். 1980 வரை உயிரோடு இருந்தார்.

இதில் விதி எங்கே இருக்கிறது? சொன்ன நேரத்துக்கு வராமல், வந்தால் நிற்காமல், கடைசி நிமிடத்தில் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டே இருந்தான். அதுதான் அவன் போட்டுக்கொண்ட கவசம். அந்தக் கவசத்தில் ஒரே ஒரு இடம் திறந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஜெனரலும் இல்லை, கர்னலும் இல்லை. என்னை மாதிரி ஒரு மரவேலைக்காரர்.

கியோர்க் எல்சர். பிறந்தது 1903, தெற்கே வுர்ட்டம்பர்க் கிராமத்துப் பக்கம். அதிகம் பேசாதவர், கட்சிக் கூட்டங்களில் கொடி பிடித்தவரும் இல்லை. 1938 இலையுதிர் காலத்திலேயே, அதாவது போர் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, இந்த ஆள் இருக்கும்வரை போர் வராமல் போகாது என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்த ராணுவ அதிகாரிகளில் பலர் அப்போது ஹிட்லரின் வெற்றிகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் என்பதை நீ மறுக்க மாட்டாய்.

1923-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றது இந்த ஊரின் பெரிய பீர்க்கூடம் ஒன்றில், பூர்கர்பிராய்கெல்லர் என்று பெயர். அந்த ஞாபகத்துக்காக வருஷா வருஷம் நவம்பர் 8 இரவு அதே கூடத்தில் பேசுவான். எல்சர் 1938 நவம்பரில் வந்து கூடத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் கல் தூண். அதைக் குடைந்தால் கூரையே இறங்கும்.

அப்புறம் அவர் செய்ததைக் கேள். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கொஞ்சம் கொஞ்சமாக மருந்து சேர்த்தார். பிறகு கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்து வெடிகள் எடுத்தார். 1939 ஆகஸ்டில் மியூனிக் வந்து, சாயங்காலமானால் அந்தக் கூடத்திலேயே மலிவுச் சாப்பாடு ஒன்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, பூட்டுவதற்கு முன்னால் மாடத்துச் சாமான் அறையில் ஒளிந்துகொள்வார். முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். டார்ச்சைச் சுற்றி நீலக் கைக்குட்டை. கழிவறையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் தண்ணீர் கொட்டும், அந்தச் சத்தத்தில்தான் உளியில் பலமாக ஒரு போடு போடுவது. உதிர்ந்த காரையை ஒரு பொட்டு விடாமல் சேர்த்துச் சிறு பெட்டியில் பகலில் வெளியே கொண்டுபோவது. மண்டி போட்டே வேலை பார்த்ததில் முட்டி இரண்டும் சீழ்ப்பிடித்து டாக்டரிடம் போக வேண்டிவந்தது. முட்டிக் கதை இதுதான். படித்த அன்று ராத்திரி என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவரை நினைத்துக்கொண்டேன்.

வேலைப்பாட்டைச் சொல்கிறேன், நீ பொறுமையாகக் கேட்க வேண்டும். தூணுக்கு மரப்பலகை போர்த்தியிருந்தது. அதில் ஒரு துண்டை அறுத்துக் கீல் வைத்துக் கதவாக்கினார். மூடினால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. கதவின் உட்புறம் தகரம் அடித்தார். எதற்கு? யாராவது தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரக்கூடாது. விழாவுக்குத் தோரணம் கட்டுகிறவன் ஆணி அடித்தால் உள்ளே இறங்கக்கூடாது. அந்த ஆணியை யோசித்தார் பார், அங்கேதான் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கடிகாரம் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்று இரண்டு வைத்தார். டிக் டிக் சத்தம் கேட்காமலிருக்கத் தக்கைப் பெட்டி. ஆறு நாள், அதாவது 144 மணி நேரம் முன்கூட்டியே நேரம் வைக்கலாம். வைத்துவிட்டு ஸ்டுட்கார்ட்டில் அக்காள் தங்கச்சி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் 7-ஆம் தேதி இரவு திரும்ப வந்து, தூணில் காதை வைத்து ஓட்டம் சரிதான் என்று கேட்டுவிட்டுப் போனார். அச்சிலிருந்து வார்ப்பு வெளியே வரும்வரை நான் ஷாப்பைச் சுற்றிச் சுற்றி வருவேனே, அந்த மாதிரி.

மற்ற வருஷங்களில் எட்டரைக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை பேசுகிறவன், அந்த வருஷம் எட்டு மணிக்கே ஆரம்பித்தான். போர் நடக்கிறது, மறுநாள் பெர்லினில் இருக்க வேண்டும். மூடுபனியில் விமானம் கிளம்பாமல் போகலாம் என்பதால் ரயில். 9:07-க்குக் கூடத்தை விட்டுப் போனான். 9:20-க்கு வெடித்தது. வைத்த நேரத்துக்கு, வைத்த இடத்தில், கூரை மேடைமேல் இறங்கியது. பதின்மூன்று நிமிடம்.

இந்த ஊர் மூடுபனியை முந்தாநாள் காலையில்தான் பார்த்தேன். எதிர்வீட்டுப் பால்கனி தெரியவில்லை. ஊட்டியெல்லாம் சும்மா.

ஆகையால் "கைகூடவில்லை" என்று அவரைச் சேர்த்து எழுதாதே, முருகேசா. மற்றவர்கள் விஷயத்தில் முடுக்கியோ, பலகையோ, நேரமோ ஏதாவது ஒன்று கெட்டது. இவர் செய்த வேலையில் பிசிறே கிடையாது. மாறியது ரயில் நேரம்.

இப்படி வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது மகன் ஒரு கேள்வி கேட்டான்: "அப்பா, அங்கே எத்தனை பேர் செத்தாங்க?" எட்டுப் பேர். அறுபதுக்கு மேல் காயம். எட்டில் ஒருத்தி அங்கே பரிமாறின பெண். பீர்க் குவளையோடு மேஜைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தவள். ஆணியை யோசித்த மனுஷன் அவளை யோசிக்கவில்லையா? யோசித்துத்தான் செய்தாரா? கெர்ஸ்டார்ஃப் தன் உடம்பையே வைத்தார், இவர் எல்லையைத் தாண்டி ஸ்விட்சர்லாந்துக்குப் போகப் பார்த்தார் என்பதும் இருக்கிறது. மகனுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

எல்லையில் இரவு 8:45-க்கே பிடிபட்டுவிட்டார். ஹிட்லர் அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தான். பையில் இடுக்கி, முடுக்கித் துண்டுகள், அந்தக் கூடத்தின் படம் போட்ட தபால் அட்டை. தபால் அட்டையை எதற்கு வைத்திருந்தாரோ! தனியாள் ஒருவன் இதைச் செய்திருக்க முடியாது, பின்னால் பிரிட்டிஷ் உளவுத்துறை இருக்கிறது என்றது ஜெர்மன் அரசு. போரை ஜெயித்த பிறகு பெரிய விசாரணை நடத்திக் காட்டலாம் என்று வதைமுகாமில் தனியாக அடைத்து வைத்தார்கள். அங்கே மரமும் பட்டறை மேஜையும் கொடுத்தார்களாம். ஸிதர் என்று இங்கே ஒரு தந்தி வாத்தியம், மேஜையில் கிடத்தி மீட்டுவது. அதைத் தானே செய்து வாசித்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். 1945 ஏப்ரல் 9, டாஹாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். இருபது நாளில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

செத்த பிறகும் விடவில்லை. ஹிட்லர் ஆட்களே வைத்த நாடகக் குண்டு, இவர் அவர்கள் கையாள் என்று வதந்தி. கர்னல்களுக்கு மாலை விழுந்த வருஷங்களில் இவர் பெயர் இப்படித்தான் கிடந்தது. அவரைப் போலீஸ் விசாரித்த பதிவுகள் 1970-இல் அச்சான பிறகுதான் உண்மை துலங்கியது. போரைத் தடுக்கத்தான் செய்தேன் என்று அதில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கூடத்தை 1979-இல் இடித்துவிட்டார்கள். ஆனால் அவர் அறை எடுத்துத் தங்கியிருந்த டூர்க்கன் தெருவில் இப்போது அவர் பெயரில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடச் சுவரில் நியான் குழாயில் "1939 நவம்பர் 8" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் இரவு 9:20-க்கு ஒரே ஒரு நிமிடம் எரியும்.

நேற்று நானும் வீட்டுக்காரியும் போனோம். வேண்டுமென்றே 9:07-க்குப் போய் நின்றேன். நல்ல குளிர். முட்டி இரண்டும் கெஞ்சியது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவள் மூன்று தடவை கேட்டுவிட்டாள். மாணவர்கள் சைக்கிளில் போகிறார்கள், யாரோ பீட்சா பெட்டியோடு ஓடுகிறார். மணியைப் பார்த்தால் 9:14. இவ்வளவு நேரத்தில் பேச்சை முடித்தவன் காரில் ஸ்டேஷனுக்குப் பாதி வழி போயிருப்பான். பரிமாறின பெண் மேஜை துடைத்துக்கொண்டிருப்பாள். சிவப்பாக எரிந்தது. ஒரு நிமிடத்தில் அணைந்தது. பஸ் பிடித்து வீடு வந்துவிட்டோம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் எழுது. டிசம்பர் முதல் வாரம் ஊருக்கு வந்துவிடுவேன், நானே கூட வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்