எந்த விண்டோஸ் என்பதை எனக்காக நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் அச்சக உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெயர் நினைவில்லாவிட்டாலும் 'திருவல்லிக்கேணி டிடிபி அம்மா' என்றால் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடங்களாக உங்கள் புத்தகங்களுக்குக் கணினியில் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறேன்; அதுதான் டிடிபி. தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். கணினி விஷயத்தில் பெரிய ஞானம் கிடையாது. இருந்தாலும் போன கார்த்திகையில் ஒரு மடிக்கணினி வாங்கப் போய் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய மடிக்கணினி ஒரு நாள் காலையில் கிரிச் கிரிச்சென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. ஹார்ட் டிஸ்க் காலி. நந்தனம் புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய மூன்று புத்தகங்கள் கையில் இருந்தன. அவசரத்துக்கு வாங்கக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் கேட்ட முதல் கேள்வி, "விண்டோஸ் ஹோமா, ப்ரோவா மேடம்?" நான் கேட்டேன்: "விண்டோஸ் ஏழு இருக்கா தம்பி? முப்பத்திரண்டு பிட்?"

(முப்பத்திரண்டு பிட் என்பது பழைய வகை; இப்போது வருவதெல்லாம் அறுபத்து நாலு.) சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. பொறுமையாக விளக்கினான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கையைக் கழுவிவிட்டது. (அன்றைக்குப் போகிப் பண்டிகை. அவர்கள் பஞ்சாங்கம் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.) இன்டெல் ஏழாம் தலைமுறைச் சிப்பிலிருந்தே அதற்கு முறையான ஆதரவு கிடையாது, புது மடிக்கணினியில் வற்புறுத்தி ஏற்றினாலும் திரைக்கும் வைஃபைக்கும் டிரைவர், அதாவது அவற்றை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், கிடைக்காது என்றான். விண்டோஸ் 11 ப்ரோ வாங்கினால் 10-க்கு இறங்கிக்கொள்ள உரிமை உண்டாம். ஆனால் அந்த 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆயுசு முடிந்துவிட்டது. "செத்ததுக்கு எதுக்கு மேடம் கூடக் காசு?" என்றான். நியாயம்தானே. விண்டோஸ் 11 ஹோம், ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை என்று வாங்கி வந்தேன்.

ஏன் ஏழு கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் என்னிடம் கேட்பது பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளின் கோப்பு. அதுவும் 2001-இல் வந்த ஏழாம் பதிப்பு. அதற்குப் பிறகு எட்டு என்று ஒன்று வரவே இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதனுள் நீங்கள் சொல்லும் பழைய எழுத்துருவில்தான், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருவில்தான், தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எழுத்துருவோடு வந்த தட்டச்சு மென்பொருள் வேலை செய்ய ஒரு டாங்கிள் வேண்டும். யூஎஸ்பி துளையில் செருகிவைக்கிற ஒரு பூட்டுச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது செருகியிருந்தால்தான் தமிழ் விழும்.

புது மடிக்கணினியில் பேஜ்மேக்கர் எப்படியோ ஏறிவிட்டது. டாங்கிளைச் செருகினேன். அதன் நுனியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. எரியவில்லை. எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த துளையில் செருகினேன். எரியவில்லை. இரவு பதினொன்றரைக்கு என் அக்கா மகன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தி, இந்த டாங்கிளோட டிரைவர் எக்ஸ்பி காலத்துல முப்பத்திரண்டு பிட்டுக்கு எழுதினது. அறுபத்து நாலு பிட் விண்டோஸ் அதை உள்ளேயே விடாது. பதினொண்ணுல முப்பத்திரண்டு பிட்டே கிடையாது." வேறு டிரைவர் கேட்கலாம் என்று அந்த மென்பொருளை விற்றவர்களுக்குப் போன் செய்தால், எடுத்தவர் இது மாவு மில் என்றார்.

பதினொன்றுக்குள்ளேயே ஒரு பொய்க் கணினி உண்டாக்கி அதற்குள் விண்டோஸ் 7-ஐ ஓட்டலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக் கொடுத்தான் பையன். விளக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு பக்கம் அடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி பிடுங்கிச் செருகினால் எரியும், அரைப் பக்கத்தில் அணையும். அந்த இரவு முழுக்க நான் அடித்தது ஏழு பக்கம். சாதாரணமாக ஒரு மணி நேரத்து வேலை.

மறுநாள் பழைய கணினி கிடைக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். புதிதாக ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, பதினோராயிரத்து ஐந்நூறு கொடுத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன், அதில் ஏழு ஓடும் என்பதற்காக. பேட்டரி இருபது நிமிடம் தாங்குகிறது. இரண்டு விசைகள் அழுந்தாது. அதில் ஒன்று பழைய தட்டச்சு முறையில் 'ழ' விழுகிற விசை. 'தமிழ்' என்று அடிக்க வெளியே தனியாக ஒரு கீபோர்டு செருகி வைத்திருக்கிறேன். இதை இணையத்தோடு இணைக்கப் பயம். பாதுகாப்புத் திருத்தம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் கோப்பெல்லாம் பென்டிரைவில் போய் வருகிறது. உங்கள் அச்சகத்திலிருந்து திரும்பும் பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கிறது. அந்த வைரஸை உங்களில் யாரிடமிருந்து வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.

இனி என் கோரிக்கை. ஒன்றே ஒன்றுதான்: யுனிகோடில் தரும் கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அச்சுக்கு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் தருகிறேன், அதை வாங்கிக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து நேராக அச்சுத் தட்டு எடுக்கிற சிடிபி இயந்திரத்துக்கு எழுத்துருவின் பெயரோ அது பிறந்த வருடமோ தெரியாது, தேவையும் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. இருபது வருடப் பட்டியல் அந்தப் பழைய எழுத்துருவில் கிடக்கிறது. மறுபதிப்பு போடும்போது நாலு திருத்தம் செய்ய அதே கோப்பைத்தான் திறக்க வேண்டும். சரி, பழைய புத்தகங்களுக்கு என் ரிச்சி தெரு கிழவி இருக்கிறாள், அவள் இருக்கிறவரை செய்து தருகிறேன். ஆனால் நேற்று எழுதி முடித்த நாவலை ஏன் அந்த எழுத்துருவில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும்? எழுத்தாளர் யுனிகோடில்தான் அனுப்புகிறார். அதை நான் உங்களுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறேன். புத்தகம் வந்து ஆறு மாதம் கழித்து நீங்களே போன் செய்து, "அம்மா, கிண்டிலில் போடணும், யுனிகோடில் மாத்திக் குடுங்க" என்கிறீர்கள். கிண்டிலில் தமிழ் வந்தது 2016 டிசம்பரில். அன்றிலிருந்து இந்தத் திருவிளையாடல் நடக்கிறது.

மாற்றுவது என்றால் ஒரு நிமிட வேலை என்று நினைக்கிறீர்கள். "கன்வெர்ட்டர்ல போட்டா முடிஞ்சுதேம்மா!" பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். யுனிகோடில் முதலில் க, அப்புறம்தான் குறி. கன்வெர்ட்டர் இதையெல்லாம் பெரும்பாலும் சரியாகக் கோத்துவிடும். ஆனால் கௌரி 'கெளரி' ஆகிவிடுவாள்; பழைய எழுத்துருவில் அந்தக் கடைசித் துண்டும் ளகரமும் ஒரே இடம். மேற்கோள் குறி எங்காவது ஒரு எழுத்தாக முளைக்கும். நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் தமிழ் எழுத்தில் உளறும். நானூறு பக்கத்தை வரி வரியாகப் படித்தால்தான் பிடிக்க முடியும். அந்தப் படிப்புக்கு இதுவரை யாரும் பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை.

புது மென்பொருளுக்கு எங்கே போவது என்பீர்கள். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில், 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலேயே தமிழ் யுனிகோடு ஒழுங்காக விழும். இப்போதைய இன்டிசைனுக்குச் சந்தா கட்ட மனமில்லையென்றால், அதே வேலை செய்யும் ஸ்கிரைபஸ் இலவசம். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் உடையாமல் நிற்கிறது. என் புது மடிக்கணினியில் இரண்டு வாரம் பழகிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. என்னைப்போலப் பழைய தட்டச்சுக்குப் பழகிய விரல்களுக்கு இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் இருக்கிறது. டாங்கிள் வேண்டாம். பச்சை விளக்கைப் பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

இதெல்லாம் நேற்று வந்ததும் அல்ல. விண்டோஸ் 2000-த்திலேயே லதா எழுத்துருவோடு யுனிகோடு தமிழ் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யுனிகோடையும் தமிழுக்கென்றே வகுத்த டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. சென்னையில் கணித்தமிழ் மாநாடு நடந்தபோது உங்களில் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் புகைப்படத்தில் பார்த்தேன். செயற்கை நுண்ணறிவு தமிழை எங்கே கொண்டுபோகும் என்றெல்லாம் பேசினார்கள். நல்ல விஷயம். கொண்டுபோகட்டும். போகிற வழியில் உங்கள் கிடங்கில் இருக்கும் ஆயிரம் புத்தகங்களின் பிடிஎஃப்பைத் திறந்து 'அம்மா' என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்காது, கணினிக்கு அவையெல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அரசு விளம்பரத்தில் தமிழ், மேடையில் தமிழ், மாலையில் தமிழ், பொன்னாடையில் தமிழ். கோப்புக்குள் மட்டும் இல்லை. பக்கக் கூலி விஷயமும் வாய்வரை வந்துவிட்டது. எட்டு வருடமாக...

வேண்டாம். கூலிக்கு இன்னொரு மடல் எழுதிக்கொள்ளலாம். கோபத்தில் ஒரு சொல் கூடுதலாக விழுந்திருந்தால் பொறுத்தருள்க. உங்கள் சோறு தின்றுதான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள், அதை மறக்கவில்லை.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். இனிப் புதிதாக வரும் கையெழுத்துப் பிரதிகளை யுனிகோடிலேயே பக்கம் கட்ட அனுமதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிப்பகமும் ஒரு புத்தகம், நூறு பக்கத்துக்குள் சின்னதாக இருந்தாலும் போதும், என்னிடமோ வேறு யாரிடமோ யுனிகோடில் கொடுத்துப் பாருங்கள். அச்சில் ஒரு எழுத்து உடைந்தால் அந்த ஃபாரத்தின் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) தாள் செலவை என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பினால் போதும். நீங்கள் அங்கே தட்டுவது யுனிகோடுதான். இதுவரை யாரும் என்னிடம் பழைய எழுத்துருவில் 'வணக்கம்மா' அனுப்பியதில்லை.

அடுத்த புத்தகக் காட்சிக்கான வேலை ஆடி கழிந்ததும் தொடங்கிவிடும். அதற்குள் சொல்லிவிட்டால், ரிச்சி தெருவில் பார்த்துவைத்திருக்கும் இன்னொரு பழைய மடிக்கணினிக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பேன். கடைக்காரர் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி டிடிபி அம்மா