ஒரு ரீல் காணோம்: பழைய படங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள். சிலர் அவர்களுடைய பிள்ளைகள், பேரன்கள். சிலர் பைனான்ஸ் கொடுத்து, பணம் திரும்பாததால் படத்தின் மூலப் பிலிமான நெகட்டிவ்வை எடுத்துக்கொண்டவர்கள். இன்னும் சிலர் சேட்டிலைட் ரைட்ஸ் என்று ஐம்பது, நூறு படங்களை மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டு, எது தன்னிடம் இருக்கிறது, எது இல்லை என்று பழைய அக்ரிமெண்டைத் தேடினால்தான் தெரியும் என்கிற நிலையில் இருப்பவர்கள். யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாததால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். தெரிந்திருந்தால் அஞ்சு ரூபாய் கவரில் தபாலில் போட்டிருப்பேன்.

நாங்கள் திருச்சியில் பத்துப் பன்னிரண்டு பேர். மாதா மாதம் இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி, உறையூரில் என் வீட்டு மொட்டை மாடியில் படம் போடுகிறோம். எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, துணி காயப் போடும் கம்பியில் இறுக்கிக் கட்டினால் அதுதான் திரை. காற்றடித்தால் வேட்டி உப்பும்; கதாநாயகிக்குக் கன்னம் வீங்கும். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், டூவீலர் மெக்கானிக் ஒருவர், ஒரு நர்ஸ் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், அப்புறம் முப்பது வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவர். அவரை ஆபரேட்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். டிக்கெட் கிடையாது. சுண்டல் உண்டு.

நாங்கள் போடுவது பெரும்பாலும் இப்போது 'கல்ட்' என்று சொல்கிறார்களே, அந்த வகை. வந்தபோது தியேட்டரில் காற்று வாங்கிவிட்டு, பத்து இருபது வருஷம் கழித்து, "இதை அப்பவே கொண்டாடியிருக்கணும்" என்று எல்லோரும் மார்தட்டும் படங்கள். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு மோதிய 'குணா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாட்டையும் குகையையும் 2024-ல் ஒரு மலையாளப் படம் திரும்பக் கொண்டுவந்ததும், அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து நின்று பாடினார்கள். சரி, தமிழ்ப் படத்தை மறுபடி ரிலீஸ் செய்யலாம் என்று கிளம்பினால், உரிமை யாருடையது என்று விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஒரு படத்துக்குக் கூட்டம் தயாராக இருந்தது, படத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது தயாராக இல்லாமல் இருந்தது. எங்கள் பாடு அதைவிடச் சின்னது. ஆனால் நோய் ஒன்றுதான்.

இந்தப் படங்கள் பிழைத்தது விளம்பரத்தால் இல்லை. ஒருத்தர் பார்த்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததால். என் மாமா ஒரு சீமந்தத்துக்கு வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்தபோது, ஊரே கேட்ட இரண்டு சண்டைப் படங்களோடு தனக்காக ஒரு கறுப்பு வெள்ளை கேசட்டையும் வாங்கி வந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லோரும் பந்தல் ஜமுக்காளத்தில் தூங்கிய பிறகு அதைப் போட்டார். விழித்திருந்தது அவரும் நானும்தான். அப்படித்தான் 'அவள் அப்படித்தான்' பார்த்தேன். வயசுக்குப் புரியவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

1978 தீபாவளிக்கு வந்த படம் அது. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ருத்ரய்யாவின் முதல் படம். அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு படம்தான் எடுத்தார், 2014-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத்தில் அனந்துவும் வண்ணநிலவனும் இருந்தார்கள். முதலில் யாரும் சீண்டவில்லை, வங்காள இயக்குநர் மிருணாள் சென் பார்த்துவிட்டு நல்லபடியாகப் பேசிய பிறகுதான் ஜனம் திரும்பிப் பார்த்தது என்பார்கள். அப்படியானால் அதுவும் ஒரு கைப்பிடி இழுப்புதானே.

போன வருஷம் எங்கள் மாடியில் இதைப் போட்டோம். கடைசியில் கார் காட்சி வரும். கமல் நடித்த அருணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, புது மனைவி பக்கத்தில். பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கதாநாயகி மஞ்சு அந்தப் பெண்ணைக் கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்கிறாள் மஞ்சு. அந்த இடத்தில் நர்ஸ் அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்தவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை; ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த மாதம் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து, "அதையே திரும்பப் போடுங்க தம்பி, இவ பார்க்கணும்" என்றார். நாங்கள் செய்வது இவ்வளவுதான்.

ஆனால் எந்தப் பிரதியைப் போட்டோம் தெரியுமா? இணையத்தில் தேடி எடுத்ததில் இருப்பதற்குள் தேவலாம் என்று ஒன்று. அதிலும் மேலும் கீழும் சீவியிருந்தது. அந்தக் காலத்து பிரேம் கிட்டத்தட்ட சதுரம். இன்றைய டிவியை நிரப்ப வேண்டும் என்று அதை இழுத்தால் ஒல்லியானவர்கள் குண்டாவார்கள். வெட்டினால் தலை போகும். இந்தப் படத்தில் ரஜினியின் நெற்றி நிறைய இருக்கும் விபூதிப் பட்டை பாதிக் கதாபாத்திரம். பட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பேசுகிற பேச்சில்தான் தியாகு என்கிற ஆளே இருக்கிறான். குளோசப்பில் நெற்றியைச் சீவினால் தியாகுவையே சீவின மாதிரி. இதை யார் சீவினார்கள், உங்களுக்குத் தெரிந்து சீவினார்களா, தெரியாமலா, எனக்குத் தெரியாது. ஒழுங்கான பிரதி ஒன்று விலைக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் சீவின பிரதிப் பக்கமே போயிருக்க மாட்டோம்.

இனி தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன்.

இது வேறொரு படம். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. பெயரைச் சொன்னால் உங்களில் ஒருவர் யார் என்று தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. முறைப்படி உரிமை வைத்திருக்கும் நிறுவனமே தன் சேனலில் ஏற்றியிருந்த பிரதி. படத்தின் பாதியில் கதாநாயகி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அடுத்த நொடி மணமேடை. கழுத்தில் தாலி ஏறுகிறது. இடையில் ஒன்றுமே கிடையாது. நான் அசந்துவிட்டேன். படம் முடிந்ததும் எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினேன். அழுகைக்கும் மேளத்துக்கும் நடுவில் டைரக்டர் வேண்டுமென்றே விட்ட அந்த இடைவெளி, பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டிய மௌனம், அந்தக் காலத்திலேயே என்ன துணிச்சல் என்றெல்லாம். கல்லூரிப் பிள்ளைகள் போனில் குறித்துக்கொண்டார்கள்.

பின்னால் பிளாஸ்டிக் சேரில் இருந்த ஆபரேட்டர் ஐயா சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அது டைரக்டர் பண்ணது இல்ல. ஒரு ரீலு காணோம்."

எப்படித் தெரியும் என்று கேட்டோம். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னுமாம். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓட விட வேண்டும். சில நொடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும். முப்பது வருஷம் அந்த மூலையையே பார்த்த கண் அவருடையது, இப்போதும் கதையைப் பார்க்கிறதோ இல்லையோ மூலையைப் பார்க்கும். பெஞ்சில் அவள் அழுதபோது புள்ளி வந்தது, சரியாக அந்த இடத்தில் கதை தாவியது. "ரெண்டு ரீலுக்கு நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும். பெட்டியில அது வரல, இவங்களும் பார்க்காம ஒட்டிட்டாங்க" என்றார். பதினோரு நிமிஷம். நான் புகழ்ந்து தள்ளியது ஒரு தொலைந்த தகர டப்பாவை.

என் மானம் போனது இருக்கட்டும். அந்தப் படத்தை இப்போது முதல்முறையாகப் பார்க்கிற ஒருவர் அந்த டைரக்டரைப் பற்றி என்ன நினைப்பார்? என்னைப் போல முட்டாள்தனமாகப் புகழ்வார், இல்லையென்றால் கதை சொல்லத் தெரியாதவர் என்று திட்டுவார். இரண்டுமே அவருக்குச் சேர வேண்டியது இல்லை.

இதைத் தவிர, டைட்டில் கார்டு. ஏற்றுகிறவர்கள் பலர் டைட்டிலை வெட்டிவிட்டுத் தங்கள் லோகோவைப் போட்டுவிடுகிறார்கள். யார் கேமரா, யார் எடிட்டிங், எந்த உதவி இயக்குநர் என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அது. எங்கள் வங்கிக்காரர் டைட்டில் ஓடும்போது நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர். லோகோ சுழல்வதைப் பார்த்துப் பேனாவை மூடி வைப்பார். பாட்டு ஒரு கம்பெனியிடம், படம் ஒரு கம்பெனியிடம் என்பதால் பாட்டு வருகிற இடத்தில் சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசையும் பிரதிகளும் உண்டு. அதைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விடுங்கள்.

"ஓசியில் பார்க்கிறவனுக்கு என்ன இவ்வளவு குறை" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பர்மா பஜாரில் ரப்பர் பேண்டு போட்ட டிவிடி கட்டை நோண்டி உலகப் படம் பார்த்த தலைமுறை நாங்கள், யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காசு கொடுத்துக் கேட்டும் பார்த்துவிட்டோம். அந்த ஒரு ரீல் காணாத படத்தை முறையாக அனுமதி வாங்கி, முழுப் பிரதியாகப் போடலாம் என்று தொடங்கினேன். முதலில் பேசியவர் தன்னிடம் டிவி உரிமைதான் இருக்கிறது, நெகட்டிவ் உரிமை இன்னொருவரிடம் என்றார். இன்னொருவர் அது தன் அண்ணனிடம் என்றார். அண்ணன், பிலிம் கழுவும் லேப் மூடினபோது நெகட்டிவ் எங்கே போனதென்று தம்பிக்குத்தான் தெரியும் என்றார். நாலாவதாகப் பேசியவர் மட்டும் வியாபாரமாகக் கேட்டார்: "எத்தனை ஸ்கிரீன் சார்?"

"ஒண்ணு. மொட்டை மாடி."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இதுக்கெல்லாம் ரேட் கிடையாது சார்" என்றார். இலவசம் என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒன்றை விற்க அவரிடம் வழியே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே சமயம் நாலு பேர் சேர்ந்து பார்த்தால் திருட்டு என்றும் சொல்கிறீர்கள். தானும் தின்னாமல் மாட்டையும் தின்ன விடாத வைக்கோல்போர் பற்றி ஒரு பழமொழி உண்டு. பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் அதை முழுசாகச் சொல்லக் கூடாது.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஐம்பது பேருக்குள் பார்க்கிற திரையிடலுக்கு ஒரு ரேட் வையுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ, கட்டுகிறோம். ஒவ்வொரு ஊரிலும் எங்களைப் போல ஒரு மாடி, ஒரு நூலக ஹால், ஒரு கல்லூரி வகுப்பறை இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் பூட்டிய கிடங்கில் வைத்திருப்பதைவிட வருமானம்தான். நெகட்டிவ்வை ஸ்கேன் செய்யும்போது பிரேமை உள்ளபடி விடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். எந்தப் படம் யாரிடம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். உங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிற வழக்குகள் கூடக் குறையும். முடிந்தால் ஒரு பிரதியைப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். 1931-ல் வந்த 'காளிதாஸ்' நம் முதல் பேசும்படம். இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. அதையும் அன்று யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று. படம் வெளிவந்து 60 வருஷம் முடிந்தால் சட்டப்படி அதன் உரிமை காலாவதி. பாட்டே இல்லாமல் 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' போன்ற படங்கள் அந்தக் கணக்கைத் தாண்டி வருஷங்கள் ஆகின்றன. எண்பதுகளின் படங்களுக்கும் அந்த நாள் வரும். ஆனால் உரிமை காலாவதி ஆவதற்கு முன்னால் பிலிம் காலாவதி ஆகிவிடும். மெட்ராஸ் வெயிலில் ஏசி இல்லாத கிடங்கில் இருக்கும் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் மாதிரி காடி நாற்றம் அடித்தால் பிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதுவும் ஆபரேட்டர் ஐயா சொன்னதுதான்.

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்தப் பெஞ்சு, மணமேடைப் படத்தையே மறுபடி போடலாம் என்று இருக்கிறோம். அதற்குள் உங்களில் யாருடைய கிடங்கிலாவது அந்தப் பதினோரு நிமிஷம் கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள். சென்னைக்கு வந்து எடுத்துப்போக மெக்கானிக் தம்பி தயாராக இருக்கிறான். கிடைக்காவிட்டால், பெஞ்சில் அவள் அழுததும் படத்தை நிறுத்திவிட்டு, நடுவில் என்ன நடந்தது என்பதை ஆபரேட்டர் ஐயா எழுந்து நின்று சொல்வார். அந்தப் படத்தை அவர் நாலு வாரம் ஓட்டியிருக்கிறாராம். அன்றைக்கு இதைச் சொல்லவே இல்லை, நான் அரை மணி நேரம் பேசி முடிக்கும்வரை.

இப்படிக்கு,
உறையூர் மொட்டை மாடியிலிருந்து ஒரு ரசிகன்